4294967297 பகா எண்ணா? இரண்டு நிரல்கள் முரண்படுவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் தொகுத்துக்கொள்கிறேன். 4294967297 என்ற எண்ணை, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனையில், 2-ஐ அடிமானமாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, வைத்து இரண்டு நிரல்களில் சோதித்திருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கையாளும் மொழியில் எழுதிய நிரல் அதைப் பகா எண் என்கிறது. 64 பிட் முழு எண்களைக் கொண்டு எழுதிய நிரல் பகு எண் என்கிறது. எது சரி என்றும், இந்த எண்ணுக்குத் தனித்தன்மை ஏதும் உண்டா என்றும் கேட்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒரு சோதனையில் தேறிவிட்ட எண்ணைப் பகா எண் என்று எந்த அளவுக்கு நம்பலாம்? எண் கோட்பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், மாணவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க 4294967297-ஐ விடப் பொருத்தமான எண்ணை நான் கண்டதில்லை.

ஐயத்துக்கே இடமில்லாத விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது பகு எண். 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் 4294967297 வரும். காகிதத்தில் பெருக்கிப் பார்த்து நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். ஆகவே உங்கள் இரண்டாவது நிரலின் விடை சரி, ஆனால் அது அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் தவறானது. முதல் நிரலோ தன் கணக்கைப் பிழையின்றிச் செய்திருக்கிறது. அந்தக் கணக்கு எதை நிறுவுகிறது என்பதில்தான் குழப்பம்.

இந்த எண்ணின் எல்லாப் பண்புகளுக்கும் ஊற்றுக்கண் ஒன்றே: இது 2³² + 1. இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் 1, நடுவில் 31 பூச்சியங்கள். 2-இன் அடுக்காக மீண்டும் 2-இன் அடுக்கையே வைத்து, கிடைப்பதோடு 1-ஐக் கூட்டினால் வரும் எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் அவை 3, 5, 17, 257, 65537 என்று வளர்ந்து, ஐந்தாவதாக 4294967297-இல் வந்து நிற்கின்றன. முதல் ஐந்தும் பகா எண்கள். இதைக் கண்ட பியேர் டி ஃபெர்மா, வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக 1640-இல் கடிதம் எழுதினார். முழுமையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார். 1732-இல் லியோனார்டு ஆய்லர், ஐந்தாம் ஃபெர்மா எண்ணை 641 வகுக்கிறது என்று காட்டி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார். ஃபெர்மாவின் சொந்தத் தேற்றமே 641-ஐச் சுட்டிக்காட்டப் போதுமானது என்பதைக் கீழே சொல்கிறேன். அப்படியிருந்தும் அவர் ஏன் அதைத் தவறவிட்டார் என்பதற்குக் கணக்கில் எங்கோ பிழை நேர்ந்திருக்கலாம் என்று சொல்வதெல்லாம் ஊகம்தான்.

இப்போது முதல் நிரலுக்கு வருவோம். ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது இது: ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த அடிமானத்தையும் அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். இதன் மறுதலை உண்மையல்ல. மீதி 1 வந்துவிட்டதால் மட்டும் எண் பகா எண் ஆகிவிடாது. நம் எண்ணில் நடப்பதைப் பாருங்கள். 2³² என்பது எண்ணைவிட ஒன்று குறைவு, ஆகவே அதன் மீதியை −1 என்று கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1 ஆகிறது. அதன் பின் 64-இன் மடங்காக உள்ள எந்த அடுக்குக்கும் மீதி 1-தான். சோதனையில் பயன்படும் அடுக்கு, எண்ணைவிட ஒன்று குறைந்தது, அதாவது 2³². அது 64-ஆல் வகுபடும். எனவே மீதி 1 வந்தே தீரும். இந்த வாதத்தில் எண் பகா எண்ணா பகு எண்ணா என்ற செய்தி எங்குமே நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஃபெர்மா எண்ணுக்கும் இதே வாதம் பொருந்தும். அவை அனைத்தும் 2 என்ற அடிமானத்தில் சோதனையைத் தாண்டிவிடும். இவ்வாறு ஓர் அடிமானத்துக்குப் பகா எண்போல் தோற்றம் காட்டும் பகு எண்ணை, அந்த அடிமானத்துக்கான போலிப் பகா எண் என்கிறோம்.

இதனால் ஃபெர்மா சோதனையே பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நம் எண்ணை எத்தனை அடிமானங்கள் தப்பவிடும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட முடியும், அந்தக் கணக்கு மனத்துக்கு நிறைவளிப்பது. 641-ஐவிட ஒன்று குறைந்த 640 என்பது 128 × 5. 6700417-ஐவிட ஒன்று குறைந்த 6700416 என்பது 128 × 52347. 5, 52347 இரண்டும் ஒற்றை எண்கள் என்பதால், சோதனையின் அடுக்கான 2³²-க்கும் 640-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி 128. 6700416-உடனும் அதுவே 128. தப்பவிடும் அடிமானங்களின் எண்ணிக்கை இவ்விரண்டின் பெருக்கம், அதாவது 16384. 1 முதல் 4294967296 வரையிலான எண்களில் இது 262144-இல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடிமானத்தைத் தேர்ந்திருந்தால்கூட எண்ணின் போலித்தன்மை ஏறக்குறைய உறுதியாக வெளிப்பட்டிருக்கும். ஆனால் 2-இன் அடுக்கைக் கொண்டு கட்டப்பட்ட எண்ணை 2-ஐ வைத்தே சோதிப்பது, அந்த மிகச் சிறிய விதிவிலக்குக் கூட்டத்துக்குள் தேடிப்போய் நுழைவதாகும்.

இரண்டாவது நிரலைப் பற்றி நான் சொல்லப்போவது, அதன் வரிகளைக் காணாமல் செய்யும் அனுமானம். ஆனாலும் எளிதில் சரிபார்க்கக்கூடியது. 2-இலிருந்து தொடங்கி அடுத்தடுத்து வர்க்கப்படுத்தினால் 4, 16, 256, 65536, 4294967296 என்று போகும். கடைசியில் நிற்பது 2³². அது எண்ணைவிட ஒன்று குறைவு என்பதால் மீதி எடுத்தும் மாறாமல் அப்படியே இருக்கும். அடுத்த வர்க்கம் 2⁶⁴. குறியில்லாத 64 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2⁶⁴-ஐவிட ஒன்று குறைந்தது. ஒரே ஒரு எண் வேறுபாட்டில் கொள்ளளவு மீறிப்போய், 2⁶⁴ பூச்சியமாகச் சுருங்கிவிடுகிறது; குறியுள்ள 64 பிட் எண்ணிலும், சுற்றிக்கொண்டு வரும் கணக்கீட்டில் பூச்சியமே வரும். பூச்சியத்தை எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் பூச்சியம்தான், மீதி 1 வராததால் நிரல் பகு எண் என்று அறிவித்துவிடும். இடையில் வரும் மதிப்புகளை அச்சிட்டுப் பாருங்கள். ஆறாவது வர்க்கத்தில் 0 தென்பட்டால் நடந்தது இதுவே. அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த சரியான விடை தற்செயலானது, இதே நிரல் மெய்யான பெரிய பகா எண்களையும் பகு எண் என்று தள்ளிவிடும்.

காரணிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த எண்ணின் மிக வளமான பகுதி. 65536 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. நம் எண்ணை வகுக்கும் ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணைப் பொறுத்தும் 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. எனவே 2-இன் அடுக்குகளில் மீதி முதன்முதலாக 1 ஆவது சரியாக 64-ஆம் அடுக்கில். அதற்கு முன்பே 1 வந்திருந்தால் 32-ஆம் அடுக்கிலும் 1 வந்திருக்கும், −1 வந்திருக்காது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1. ஆகவே அந்த அடுக்கு 64-ஆல் வகுபட்டாக வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், காரணியாகத் தகுதியுள்ள ஒவ்வொரு பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். அந்த வடிவில் உள்ள பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது. 1878-இல் எடுவார் லூகாஸ் இதை இன்னும் இறுக்கினார்: மேற்சொன்ன பகா எண்கள் 8-இன் மடங்கைவிட ஒன்று கூடியவை, அத்தகைய பகா எண்ணைப் பொறுத்து 2-க்கு வர்க்கமூலம் (வர்க்கப்படுத்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 தரும் எண்) உண்டு, அந்த மூலத்தின் அடுக்குகளில் மீதி முதன்முதலாக 1 ஆவது 128-ஆம் அடுக்கில். எனவே 64-இன் இடத்தில் 128-ஐ வைக்கலாம். அப்போது 641-க்கு முன்னால் எஞ்சும் பகா எண் 257 ஒன்றே, அதுவும் ஒரு ஃபெர்மா எண். இரண்டு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இராது என்பதால் அதை வகுத்துப் பார்க்கவே வேண்டாம். நிரலைப் பகா எண் என்று சொல்ல வைத்த அதே சமன்பாடுதான் காரணியையும் கையில் கொண்டுவந்து தருகிறது.

641 வகுக்கிறது என்பதைப் பெருக்கலே இல்லாமல் காட்டும் ஒரு வாதம் உண்டு. எத்தனை முறை எழுதினாலும் அதன் அழகு எனக்குக் குறைந்ததில்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் ஆகும், ஏனெனில் 625-உம் 16-உம் சேர்ந்தால் 641. முதல் வடிவத்திலிருந்து, 641-ஐப் பொறுத்து 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவத்திலிருந்து 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³²-இன் மீதி 1 என்றாகிறது, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

மற்றொரு காரணியான 6700417 பகா எண்ணா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் காரணிப்படுத்தல் முழுமை பெறாது. இங்கும் அதே கட்டுப்பாடு கைகொடுக்கிறது. அதன் பகா காரணி எதுவானாலும் நம் எண்ணின் காரணியுமாகும், எனவே 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 மீதி வருகின்றன. ஒன்றும் வகுக்கவில்லை, ஆகவே 6700417 பகா எண். ஏழிலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று ஐந்தே வகுத்தல்களில் முழு நிறுவலாகக் காட்டுவது, எண்ணின் அமைப்பு தெரிந்திருப்பதால் மட்டுமே கைகூடுகிறது.

காரணிகள் தெரிந்துவிட்டால் வழக்கமான பட்டியல் விரைவில் முடிந்துவிடும். வகுத்திகள் 1, 641, 6700417, 4294967297 என நான்கு; அவற்றின் கூட்டுத்தொகை 4301668356; எண்ணைவிடச் சிறியனவாய் அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் 4288266240. இவற்றைவிடச் சுவையானது, இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதும் விதம். 65536² + 1² என்பது வரையறையிலிருந்தே தெரிகிறது. 62264² + 20449² என்றும் எழுதலாம்: 3876805696-உடன் 418161601-ஐக் கூட்டிப் பாருங்கள். 4-இன் மடங்கைவிட ஒன்று கூடிய பகா எண் எதையும் இவ்வாறு ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். எனவே இரண்டு வழிகள் கிடைத்த அந்தக் கணமே, காரணி எதுவும் தெரியாமலேயே, எண் பகு எண் என்று முடிவாகிறது. அதோடு நிற்காமல், காரணியையும் இதிலிருந்து பிரித்தெடுக்கும் வழியை ஆய்லர் தந்திருக்கிறார். 65536-க்கும் 62264-க்கும் உள்ள வித்தியாசம் 3272, கூட்டுத்தொகை 127800. 20449-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் 20448, கூட்டுத்தொகை 20450. இரண்டு வித்தியாசங்களின் மீப்பெரு பொதுக் காரணி 8, இரண்டு கூட்டுத்தொகைகளுடையது 50. பாதியாக்கினால் 4-உம் 25-உம். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 641. வித்தியாசத்தையும் கூட்டுத்தொகையையும் மாற்றி இணைத்தால் 818-உம் 5112-உம் வரும். அவற்றின் பாதிகளான 409, 2556 ஆகியவற்றின் வர்க்கங்கள் சேர்ந்து 6700417. இருப்பினும் நடைமுறையில் இது குறுக்குவழி என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது வடிவத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது, காரணியைத் தேடுவதைவிடக் கடினமான வேலை.

இந்த எண்ணுக்கு வடிவியலிலும் ஓர் இடம் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டறிந்தார். பக்கங்களின் எண்ணிக்கை 2-இன் அடுக்கும் வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களும் பெருகி வந்ததாக இருந்தால் மட்டுமே பலகோணத்தை அவ்வாறு வரைய முடியும். இந்த நிபந்தனை கட்டாயமானது என்பதை 1837-இல் பியேர் வான்ட்செல் நிறுவினார். 641 ஃபெர்மா பகா எண் அல்ல, ஆகவே 4294967297 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியாது. ஆனால் இரண்டு பக்கங்களைக் குறைத்து 4294967295 ஆக்கிவிட்டால் முடியும், ஏனெனில் அது 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தாம் எண்ணுக்கு முந்தைய ஃபெர்மா எண்கள் அனைத்தின் பெருக்கமும் அதைவிடச் சரியாக இரண்டு குறைவு என்பதே இதன் பொருள். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய குறியில்லா முழு எண்ணும் அதுவே என்பதால் நிரல் எழுதும் உங்களுக்கு அது பழக்கமானதாக இருக்கும். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையத்தக்க பலகோணங்களுள் இன்றைய அறிவின்படி மிகப் பெரியதும் அதுதான்.

இந்த எண்ணைப் பொறுத்தவரை எல்லாம் தீர்ந்துவிட்டது. அதன் குடும்பத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி தீரவில்லை. அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் இன்றும் அந்த ஐந்துதான். ஐந்தாவது முதல் 32-ஆவது வரை எல்லாம் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டன; ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள் கொண்ட 33-ஆவது எதுவென்று இன்னும் தெரியவில்லை. ஆறாவது எண்ணை 1880-இல் லாண்ட்ரி 274177 × 67280421310721 என்று பிரித்தார். 39 இலக்கங்களே கொண்ட ஏழாவது, 1970-இல் மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி கொண்டு பிரிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டவை ஐந்து முதல் பதினொன்று வரையிலானவை மட்டுமே. 20-ஆவதும் 24-ஆவதும் பகு எண்கள் என்பது உறுதி, ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட எவருக்கும் தெரியாது. காரணி தெரியாமல் எப்படி உறுதி என்றால், 1877-இல் பெப்பின் தந்த சோதனையால்: 3-ஐவிடப் பெரிய ஃபெர்மா எண் பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைந்த எண்ணில் பாதியை அடுக்காக வைத்து 3-ஐ உயர்த்தும்போது மீதி −1 வரும், பகு எண்ணாக இருந்தால் வராது. இது இருபுறமும் செல்லுபடியாகும் நிறுவல், 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையைப் போல் ஒருபுறச் சான்று அல்ல. நம் எண்ணில் 3-ஐ 31 முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் 10324303 வருகிறது. −1-க்கு நிகரான 4294967296 வரவில்லை.

இனி ஒரு ஃபெர்மா பகா எண்ணும் இருக்காது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். எண் வளர வளரப் பகா எண்கள் அருகும் விகிதத்தையும் ஃபெர்மா எண்கள் வளரும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே, நானும் அவ்வாறே எதிர்பார்க்கிறேன். ஆனால் அது நிகழ்தகவை ஒட்டிய அனுமானம், நிறுவல் அல்ல. ஃபெர்மா பகா எண்கள் முடிவற்றவையா என்பது மட்டுமன்றி, ஃபெர்மா பகு எண்கள் முடிவற்றவையா என்பதுகூட இன்னும் நிறுவப்படவில்லை. ஒரே பகா எண் இருமுறை காரணியாக வரும் ஃபெர்மா எண் உண்டா என்ற கேள்வியும் திறந்தே கிடக்கிறது.

உங்கள் நிரல்களுக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனைக்கு மாறுங்கள். ஆனால் அதிலும் 2-ஐ மட்டும் வைத்தால் இந்த எண் தப்பிவிடும், ஏனெனில் வழியில் −1 தோன்றுவதை அந்தச் சோதனையும் ஏற்றுக்கொள்கிறது. 4759123141-க்குக் கீழுள்ள எண்களுக்கு 2, 7, 61 ஆகிய மூன்று அடிமானங்கள் போதும் என்பது நிறுவப்பட்ட முடிவு. 64 பிட்டில் அடங்கும் எல்லா எண்களுக்கும் முதல் பன்னிரண்டு பகா எண்களை அடிமானங்களாக வைத்தால் போதும். அந்த எல்லைகளுக்குள் கிடைக்கும் விடை நிகழ்தகவு சார்ந்தது அல்ல, முழு நிறுவலுக்கு நிகரானது. இரண்டாவது நிரலில், பெருக்கிய பின் மீதி எடுப்பதற்கு முன்னால் வரும் மதிப்பை மட்டுமாவது 128 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு இரு நிரல்களிலும் பழைய ஃபெர்மா சோதனையையே 3-ஐ அடிமானமாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: 4294967297-க்கு இரண்டும் 3029026160 என்ற மீதியைத் தந்தால், கணக்கீடு இரண்டிலும் சரியாக நடக்கிறது.